ஈரக் கையால தொடாதீங்க

அக்டோபர் 6, செவ்வாய்

கண்ணாடிக்காரருக்கு,

வந்து சேர்ந்துட்டேன். ஒரு பகலும் ஒரு ராத்திரியும் பஸ்ல உட்கார்ந்ததுல இடுப்பு கழண்டு போச்சு. பக்கத்து சீட்டுக்காரம்மா வழி முழுக்க என் தோள்ல தூங்கினாங்க. எழுப்ப மனசு வரல.

ஆபீஸ்ல போன் இருக்கு, சூப்பிரண்டெண்ட் மேஜை மேலேயே. எடுத்துப் பேசும்மான்னு அவரும் சொன்னாரு. வேண்டாம் சார்னுட்டேன். நாம ரெண்டு பேரும் போன்ல பேசினா சாப்டியான்னு ஆரம்பிச்சு சண்டையிலதான் முடியுது. கடுதாசின்னு முடிவு பண்ணினது நல்லதுதான். கத்தணும்னாலும் மெனக்கெட்டு எழுதணுமில்ல. வாரத்துக்கு ரெண்டே பஸ், புதனும் சனியும். அங்கேருந்து ஒண்ணு கிளம்புற அதே காலையில இங்கேருந்தும் ஒண்ணு கிளம்பும். தபால் பையும் அதுலதான் வரும். கணக்குப் பண்ணி எழுதுங்க.

ரூம் பரவாயில்ல. சாய்ஞ்சா சுண்ணாம்பு முதுகுல ஒட்டிக்குது. குழாயைத் திறந்தா தண்ணி வர்றதுக்கு முன்னாடி ஒரு இருமல் வருது, உங்களை மாதிரியே. ஜன்னலுக்கு நேரா பருத்தி வயல். காய் பாதிக்கு மேல வெடிச்சு வெள்ளையா நிக்குது. ஆனா இலை இன்னும் பச்சைப் பசேல்னு இருக்கு. அப்படியே மெஷினை விட்டு எடுத்தா இலை நசுங்கி பஞ்செல்லாம் கறையாயிடும். அதுக்குத்தான் முன்னாடியே மருந்தடிச்சு இலையை உதிர்க்கிறது. எந்த மருந்து, எவ்வளவு, எப்போன்னு பாத்தி பாத்தியா அடிச்சுப் பார்த்து, நிக்கிற இலையை எண்ணணும். 'என் பொண்டாட்டி இலை எண்ணப் போயிருக்கா'ன்னு உங்க அக்காகிட்ட சொல்லிச் சிரிச்சிருப்பீங்க. சிரிங்க.

சோதனை முடியும்போது, இந்தப் பண்ணைப் பொறுப்பை நிரந்தரமா எடுத்துக்கிறேனா இல்லையான்னு நான் எழுதிக் கொடுக்கணும். அதுக்குத்தானே அன்னிக்கு அவ்வளவு பெரிய சண்டை. 'போறதுன்னா முழுசா போ'ன்னு சொன்னீங்க. அந்த 'முழுசா' இன்னும் என் காதுலயே இருக்கு.

கூட ஒரு மஞ்சள் அட்டை வெச்சிருக்கேன். மருந்தடிக்கும்போது செடிக்கு நடுவுல இதைச் சொருகி வைப்போம். துளி பட்ட இடமெல்லாம் நீலமாயிடும், மருந்து எங்க விழுந்துச்சு, எங்க விழலன்னு தெரிஞ்சுடும். ஈரம்னா எந்த ஈரமா இருந்தாலும் அதுக்கு நீலம்தான். அதனால ஈரக் கையால தொடாதீங்க. ஓரத்துல இருக்கிறது என் கட்டைவிரல். உறைக்குள்ள வைக்கும்போது வேர்த்திருந்துச்சு.

வேளைக்குச் சாப்பிடுங்க.

இலைக்காரி


அக்டோபர் 9, வெள்ளி

இலைக்காரிக்கு,

கடுதாசி வந்தது. அட்டையும் வந்தது. சாதாரண மஞ்சள் அட்டை, அதுல ஒரு நீல விரல். இதை வெச்சு நான் என்ன செய்ய? மேஜை டிராயர்ல, பழைய ரசீதுங்களோட போட்டு வெச்சிருக்கேன். ஈரம் படாது, பயப்படாதே.

இங்க எல்லாம் வழக்கம் போலத்தான். கடையைத் திறந்து வெச்சா ஒரு ஈ காக்கா இல்ல, மூடிட்டு டீ குடிக்கப் போனா நாலு பேர் வந்து கதவைத் தட்டுறாங்க. மூலைக்கடை தையல்காரர் கண்ணாடி இன்னும் முடியல. வர்றப்பல்லாம் ஊசியில நூலைக் கோக்க முடியாம என் முன்னாடியே நின்னு திட்டுறாரு. லென்ஸ் தேய்க்கிற சாணைக்கல்லுக்குத் தண்ணி சொட்டுற குழாய் அடைச்சுக்குது. அதை எப்பவும் நீதான் ஊதி எடுப்பே. நான் ஊதினா எதிர்ப்பக்கம் முகத்துல அடிக்குது.

சாப்பாட்டுக்குக் குறைச்சல் இல்ல. ரொட்டி, முட்டை. முட்டை, ரொட்டி.

நீ கேக்காம கேக்குற விஷயத்துக்கு வரேன். நான் உன்னை வான்னு சொல்ல மாட்டேன். நான் சொல்லி நீ வந்தேன்னு வையி, நாளைக்கு ஒவ்வொரு சண்டையிலயும் அந்த வேலையை எடுத்து என் தலையில போடுவே. அதுக்கு என் தலை தாங்காது. கடையை விட்டுட்டு நான் வரவும் முடியாது. ஒவ்வொரு சாமானா வாயைக் கட்டி வயித்தைக் கட்டிச் சேர்த்தது, உனக்கே தெரியும். அதனால நீயே யோசிச்சு நீயே எழுதிக் கொடு. என்னை இழுக்காதே.

பல் வலி போச்சா?

கண்ணாடிக்காரன்


அக்டோபர் 13, செவ்வாய்

கண்ணாடிக்காரருக்கு,

பல் வலி போச்சு. மத்த வலிகளைப் பத்தி நீங்க கேக்கல, அதனால நானும் சொல்லல.

முதல் வரிசைக்கு மருந்தடிச்சாச்சு. காத்து எழும்புறதுக்கு முன்னாடி, வெளிச்சம் வந்ததும் வராததுமா வயல்ல இறங்கணும். டேங்க்னு ஒருத்தர் இருக்காரு. முதுகுல எப்பவும் மருந்து டேங்க் இருக்கிறதால அந்தப் பேரே நிலைச்சிடுச்சு. டேங்க் அடிச்சுக்கிட்டே போவாரு, நான் பின்னாடியே அட்டையைப் பொறுக்கிக்கிட்டே போவேன். அந்த மருந்து வாடை உங்களுக்குத் தெரியுமே, அழுகின பூண்டு மாதிரி. நான் வீட்டுக்கு வந்தாலே மூக்கைப் பிடிச்சுக்கிட்டு வாசல்ல நிப்பீங்க. இங்க யாரும் மூக்கைப் பிடிக்கிறதில்ல. அதுவே எனக்கு என்னமோ மாதிரி இருக்கு.

ஒண்ணு சொல்றேன். உங்க அக்காகிட்டயும் சொல்லுங்க, என் வேலைன்னா அவங்களுக்கு இளக்காரம். மருந்து இலையைக் கொல்றதில்ல. கொன்னா விழாது. இலை உயிரோட இருந்தாத்தான் காம்பு சேர்ற இடத்துல மெல்ல ஒரு கோடு விழும். அப்புறம் தானா கழண்டுக்கும். கொஞ்சம் வெதுவெதுப்பு வேணும், கொஞ்சம் பொறுமை வேணும். அளவு மீறிப் போச்சுன்னா கோடு விழறதுக்கு முன்னாடியே இலை செத்துடும். செத்த இலை செடியைப் பிடிச்சுக்கிட்டு விடவே விடாது. அடி, உலுக்கு, ஊஹூம். அதனால அளவுதான் எல்லாம்.

சாயங்காலம் வேலை முடிஞ்சு கை கழுவிட்டு வந்தா ரூம்ல செய்யறதுக்கு ஒண்ணுமில்ல. ரெண்டு தம்ளர்ல டீ ஊத்துறேன். ஒண்ணைக் குடிச்சிட்டு இன்னொண்ணையும் நானே குடிக்கிறேன். தூக்கம் வர மாட்டேங்குது, டீயாலதான்னு டேங்க் சொல்றாரு. சரின்னேன்.

வான்னு சொல்ல மாட்டீங்க. சரி. வரேன்னாவது ஒரு வார்த்தை சொல்லலாமில்ல?

இலைக்காரி


அக்டோபர் 16, வெள்ளி

இலைக்காரிக்கு,

தையல்காரர் நேத்து வந்து கடையிலயே உட்கார்ந்துட்டாரு. கண்ணாடி இல்லாம போக மாட்டேன்னாரு. டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினேன். அதுல என் டீயும் சேர்ந்து போச்சு.

உன் பழைய மழைக்கோட்டு கதவுக்குப் பின்னாடியே தொங்குது. போன வருஷ மருந்து வாடை இன்னும் அதுல இருக்கு. அந்த வாடைக்கு நான் என்னென்ன பேச்சு பேசியிருக்கேன். அக்கா அதைத் துவைக்க எடுத்தா. கையிலேருந்து பிடுங்கி மறுபடி மாட்டினேன். ஏன்டான்னு கேட்டா. மழை வந்தா வேணும்னேன். வானத்துல பேருக்குக் கூட ஒரு மேகம் இல்ல. அவ என்னை ஒரு பார்வை பார்த்துட்டு மாடிக்குப் போயிட்டா.

வரேன்னு சொல்லலாம்தான். வந்து, ஒரு வாரம் இருந்து, திரும்ப நான் மட்டும் பஸ் ஏறணுமே. ஒரு தடவை உன்னை ஏத்தி அனுப்பினதே போதும். பஸ் போனப்புறமும் கையைத் தூக்கிக்கிட்டே நின்னிருக்கேன் போல. கண்டக்டர் ஒருத்தர் வந்து எந்த ஊருக்குப் போகணும்னு கேட்டாரு.

இதெல்லாம் எழுத வேண்டாம்னுதான் உட்கார்ந்தேன். எழுதிட்டேன். கிழிச்சா காகிதம் வேஸ்ட்.

இன்னொரு தம்ளரை ஊத்தாதே. டீத்தூள் விலை தெரியுமில்ல.

கண்ணாடிக்காரன்


அக்டோபர் 27, செவ்வாய்

இங்க ஒரு தப்பு நடந்து போச்சு. நான் பண்ணினதுதான்.

உங்க கடுதாசி வந்த அன்னிக்கு அந்த பஸ் ஸ்டாண்ட் பாராவையே திரும்பத் திரும்பப் படிச்சேன். மறுநாள் ரெண்டாவது வரிசைக்கு மருந்தடிக்கணும். குளிர் இறங்க ஆரம்பிச்சிடுச்சு. குளிர்ல மருந்து மெதுவாத்தான் வேலை செய்யும், இலை விழ நாளாகும். விழுந்து, எண்ணி முடிச்சாத்தான் நான் வீட்டுக்கு வர முடியும். இன்னும் கொஞ்சம் ஊத்தினா சீக்கிரம் விழுந்துடும், சீக்கிரம் போயிடலாம்னு ஒரு எண்ணம். டேங்க் கூட ஒரு தடவை என் முகத்தைப் பார்த்தாரு. ஊத்துங்கன்னு சொன்னேன். அளவுதான் எல்லாம்னு உங்களுக்கு அவ்வளவு வியாக்கியானம் எழுதினவ நானேதான்.

ஒரு இலை கூட விழல. எல்லாம் சருகாக் காய்ஞ்சு, சுருண்டு, செடியைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு நிக்குது. காத்தடிச்சா வரிசை முழுக்க சலசலங்குது. ரூம்ல படுத்தாலும் அந்தச் சத்தம் கேக்குது. அந்தப் பஞ்சு எதுக்கும் ஆகாது, தூள் தூளா சருகு ஒட்டியிருக்கு. சூப்பிரண்டெண்ட் வந்து பார்த்தாரு. திட்டல. 'எதுக்கும்மா இவ்வளவு அவசரம்?'னு மட்டும் கேட்டாரு. என்ன சொல்லுவேன்? என் வீட்டுக்காரர் வரச் சொல்ல மாட்டேங்குறாரு, வரவும் மாட்டேங்குறாரு, அதனால நானே ஓடிடலாம்னு பார்த்தேன் சார்னா?

பின்னால வெள்ளாமை தள்ளிப்போன ஒரு துண்டு நிலம் இருக்கு. வியாழக்கிழமை அங்க புதுசா அடிக்கணும். மொதல்லேருந்து எல்லாம். சீக்கிரம் வரணும்னு பண்ணின வேலையால வர்றது இன்னும் தள்ளிப் போச்சு. சிரிப்பு வந்தா சிரிச்சுக்கோ.

பார், கோபத்துல உன்னை நீன்னே எழுதிட்டேன். அடிச்சுத் திருத்தப் போறதில்ல, இருக்கட்டும். உனக்கு ஒரு வார்த்தை சொல்றதுக்கு வாய் வரல. நான் அந்த ஒரு வார்த்தைக்காக ஒரு வரிசைப் பருத்தியையே கெடுத்துட்டு நிக்கிறேன். எனக்கு உன்னைப் பார்க்கணும். அவ்வளவுதான், வேற ஒண்ணுமில்ல. பார்க்கணும்.


நவம்பர் 3, செவ்வாய்
நம்ம கடை

கண்ணாடிக்காரருக்கு,

உங்க ஸ்டூல்ல உட்கார்ந்து எழுதுறேன்.

புது நிலத்துக்கு மருந்தடிச்சு முடிச்சதும் சூப்பிரண்டெண்ட் கூப்பிட்டாரு. 'இலையை நான் எண்ணிக்கிறேன், நீ ஒரு வாரம் வீட்டுக்குப் போயிட்டு வாம்மா, இல்லேன்னா அடுத்து எதைக் கெடுப்பியோ'ன்னாரு. சொல்லாம வந்து உங்களைத் திகைக்க வைக்கலாம்னு சனிக்கிழமை பஸ் ஏறினேன். ஞாயித்துக்கிழமை காலையில வந்து கதவைத் தட்டினா, உங்க அக்கா மாடியிலேருந்து எட்டிப் பார்த்து ரெண்டு கையையும் தலையில வெச்சுக்கிட்டாங்க. 'அடிப்பாவி, உன்னைப் பார்க்கத்தானே நேத்து பஸ் ஏறினான்'னாங்க. வாசப்படியில உட்கார்ந்துட்டேன். சிரிச்சேனா அழுதேனான்னு அண்ணியைத்தான் கேக்கணும்.

போன் பண்ணலாம்னு கை போச்சு. பண்ணினா 'ஏன் சொல்லாம கிளம்பினீங்க'ன்னுதான் ஆரம்பிப்பேன். அதனால பண்ணல. நாளைக்குப் புதன் பஸ் இருக்கு. நான் ஏறினா நீங்களும் அங்கேருந்து ஏறுவீங்க. மறுபடி எதிரும் புதிருமா போக என் இடுப்புல தெம்பு இல்ல. நான் நகரல. நீங்க வாங்க.

நேத்து கடையைத் திறந்து வெச்சேன். தையல்காரர் வந்தாரு. முடிச்சு வெச்சிருந்த கண்ணாடியில ஒண்ணை எடுத்துக் கொடுத்தேன். போட்டுப் பார்த்துட்டு, இத்தனை நாள் கழிச்சு இப்பதான் ஊசிக் காது தெரியுதுன்னு சந்தோஷமா போனாரு. அப்புறம்தான் சீட்டைப் பார்த்தேன், அது வேற யாருதோ. அவர் திருப்பித் தர மாட்டேங்குறாரு. வந்து பஞ்சாயத்துப் பண்ணுங்க.

அடைச்ச குழாயை ஊதி எடுத்தேன். அப்புறம் உங்க மேஜை டிராயரைத் திறந்தேன். ரசீதெல்லாம் இருந்துச்சு, அட்டை இல்ல. தூக்கிப் போட்டுட்டீங்கன்னு நெனச்சேன். நிமிர்ந்தா சாணைக்கல்லுக்கு மேல ஆணியில தொங்குது. அதுல மஞ்சளே இல்லீங்க. ஒரு விரலுக்கு மேல இன்னொரு விரல், அதுக்கு மேல இன்னொண்ணு, முழுசும் நீலம். கண்ணாடி தேய்க்கிற ஈரக் கையோட எத்தனை தடவை தொட்டிருக்கீங்க? என் கட்டைவிரல் எங்க இருந்துச்சுன்னே தெரியல. ஈரம் படாதுன்னு எழுதினீங்களே, பொய்க்காரரே.

அந்த வேலை எனக்கு வேண்டாம். வேண்டாம்னு எழுதிக் கையெழுத்துப் போட்டு இந்த உறைக்குள்ளேயே வெச்சிருக்கேன். சூப்பிரண்டெண்ட்கிட்ட கொடுத்துட்டு பஸ் ஏறுங்க. எந்தச் சண்டையிலயும் இதை எடுக்க மாட்டேன். சத்தியமா எடுக்க மாட்டேன்.

வாங்க.

இலைக்காரி


நவம்பர் 3, செவ்வாய்
உன் ரூம்

இலைக்காரிக்கு,

சட்டையெல்லாம் சுண்ணாம்பு. குழாய் இருமுறதை நானும் கேட்டேன். நான் அப்படி இருமுறதில்ல.

உன் கடுதாசியைப் படிச்சிட்டு சனிக்கிழமை கடையைப் பூட்டிட்டு பஸ் ஏறினேன். பாதி வழியில டீக்கடையில நிறுத்தினான். எதிர்ல இன்னொரு பஸ் நின்னுச்சு. அதுல ஜன்னலோரமா ஒரு பொண்ணு தலையில துண்டைப் போட்டுக்கிட்டு வாயைத் திறந்து தூங்கிட்டிருந்தா. அட, நம்மாளு மாதிரியே தூங்குறாளேன்னு நெனச்சு ரசிச்சுக்கிட்டே டீ குடிச்சேன். இங்க வந்து, நீ ஊருக்குப் போயிட்டேன்னு டேங்க் சொன்னப்பதான் எனக்கு விளங்குச்சு. கட்டின பொண்டாட்டியை அடையாளம் தெரியாதவன் கண்ணாடிக் கடை வெச்சிருக்கேன். இதை யார்கிட்டயும் சொல்லாதே.

சூப்பிரண்டெண்ட் உன் வயல்ல இலை எண்ணிட்டிருந்தாரு. மனுஷன் போட்டிருக்கிற கண்ணாடி யாரோட தாத்தாவோடதோ தெரியல. ஒரே இலையை மூணு தடவை எண்ணுறாரு. பார்க்கச் சகிக்காம, நகருங்க சார்னு நான் எண்ண ஆரம்பிச்சேன். டேங்க் எழுதிக்கிட்டாரு. காம்பைத் தொட்டாலே இலை கழண்டு கையில வருது, எனக்கு உடம்பு சிலிர்த்துடுச்சு. இந்தத் தடவை நீ அளவைச் சரியா வெச்சிருக்கே. பக்கத்துல அந்தக் கெட்டுப்போன வரிசையும் நிக்குது. அதுக்கு நடுவுல போய் கொஞ்ச நேரம் நின்னேன். சலசலங்குது. என்னைப் பார்க்கணும்ங்கிற அவசரத்துல பண்ணினதுன்னு எழுதியிருந்தே. ஒரு மனுஷனுக்கு இதை விட என்ன வேணும்னு தோணுச்சு. கண்ணு கலங்கிடுச்சு, மருந்து வாடைன்னு டேங்க்கிட்ட சொன்னேன்.

இந்த ஊர்ல பாதிப் பேர் கண்ணைச் சுருக்கிக்கிட்டுத்தான் நடக்குறாங்க. டேங்க்குக்குத் தூரம் தெரியல, டீக்கடைக்காரருக்குக் கிட்ட தெரியல. ஒரு கண்ணாடி வேணும்னா ஒரு பகல் ஒரு ராத்திரி பஸ்ல போகணுமாம். பஸ் ஸ்டாண்ட் பக்கத்துல ஒரு சின்ன இடம் காலியா இருக்கு. வெளிச்சம் வடக்குலேருந்து வருது, கண் கூசாம லென்ஸ் தேய்க்கலாம். கேட்டு வெச்சிருக்கேன்.

'போறதுன்னா முழுசா போ'ன்னு உன்கிட்ட சொன்னேன். நான் முழுசா வந்திருக்கேன். புதன் பஸ்ல நான் ஏறல. அந்த வேலையை எடுத்துக்கிறேன்னு எழுதிக் கொடு. இது நான் சொல்லி நீ செய்யறதுதான், நாளைக்கு எல்லாச் சண்டையிலயும் தாராளமா எடுத்து வையி.

வா. வான்னு சொல்லிட்டேன், பார்த்தியா. வரும்போது சாணைக்கல்லை மட்டும் கழட்டி எடுத்துட்டு வா. மத்ததை அப்புறம் பார்த்துக்கலாம்.

ரெண்டு தம்ளர்ல டீ ஊத்தி வெச்சேன். நீ சொன்னது சரிதான், ரெண்டையும் நாமளே குடிக்க வேண்டியிருக்கு.

கண்ணாடிக்காரன்


நவம்பர் 6, வெள்ளி

கண்ணாடிக்காரருக்கு,

இந்தக் கடுதாசியும் நானும் ஒரே பஸ்லதான் வரோம். அப்புறம் எதுக்கு எழுதுறேன்னு கேக்காதீங்க. கை சும்மா இருக்க மாட்டேங்குது.

நேத்து உங்க கடுதாசி எனக்கு வந்துச்சு. என்னோடதும் நேத்தே உங்களுக்கு வந்திருக்கும், அதைப் படிச்சிட்டு நீங்களும் கிளம்பிடுவீங்கன்னு பயந்து, நாம வெச்ச சட்டத்தை மீறி இன்னிக்கு சூப்பிரண்டெண்டுக்கு போன் பண்ணினேன். 'சனிக்கிழமை அவரை பஸ் ஏற விடாதீங்க சார், கட்டிப் போட்டாவது வைங்க'ன்னேன். 'கட்ட வேண்டாம்மா, அவர் என் கண்ணைப் பரிசோதிச்சிட்டு இருக்காரு'ன்னாரு. பேசுறியான்னு கேட்டாரு. உங்க இருமல் கேட்டுச்சு. போதும் சார்னு வெச்சிட்டேன்.

வேண்டாம்னு நான் எழுதின காகிதத்தை நீங்க கொடுத்திருக்க மாட்டீங்க. எனக்குத் தெரியும். வந்து வேற எழுதிக்கிறேன்.

அண்ணி கல்லைக் கழட்ட ஒத்தாசை பண்ணினாங்க. தம்பி போனா திரும்ப மாட்டான்னு எனக்கு அப்பவே தெரியும்னு முறைச்சாங்க, அப்புறம் தன் பழைய சேலையைக் கொண்டு வந்து கல்லைச் சுத்திக் கொடுத்தாங்க. கடைச் சாவி அவங்ககிட்ட. தையல்காரர் கண்ணாடியோட தலைமறைவு. மழைக்கோட்டையும் அந்த நீல அட்டையையும் பையில வெச்சிருக்கேன்.

கல் பொணக் கனம் கனக்குது. இதைப் போய் 'மட்டும்'னு எழுதியிருக்கீங்களே. கூலிக்காரரை வெச்சுக்கோன்னு அண்ணி சொன்னாங்க, வேண்டாம்னுட்டேன். மடியில வெச்சுக்கிட்டுத்தான் வருவேன்.

பஸ் ஸ்டாண்டுக்கு வந்து நில்லுங்க. தலையில துண்டைப் போட்டுக்கிட்டு ஒருத்தி இறங்குவா. இந்தத் தடவையாவது அடையாளம் கண்டுபிடிங்க.